மூன்றாம் எதிர்மனுதாரர்

வக்கீலாக இருந்தவரை அவர் ஓடைகளையும் குளங்களையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். பேராசிரியரான பிறகு பூமி முழுவதையும் காப்பாற்ற வேண்டியிருந்ததால் ஓடைகளுக்கும் குளங்களுக்கும் நேரம் கிடைக்கவில்லை.

நீதிமன்றத்தில் அவருக்குத் ‘தடை’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வக்காலத்தில் மட்டும் இருந்தது. சாயத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடும் ஆலைக்காரர், ஏரிக்குள் மண்ணைக் கொட்டி மனை பிரிப்பவர், மலையைக் கொத்தி லாரியில் ஏற்றுபவர் என்று யாராக இருந்தாலும் சரி, காலையில் மனுப் போட்டு மாலைக்குள் இடைக்காலத் தடை வாங்கிவிடுவார். கடைசிவரை நடத்தி ஜெயித்த வழக்குகள் அதிகமில்லை. “வழக்கு எப்பவோ முடியட்டும், மொதல்ல மெஷினை நிறுத்து” என்பதுதான் அவருடைய சட்டத் தத்துவம். அதற்கு அடிக்குறிப்புகள் தேவைப்படவில்லை. கட்சிக்காரர்கள் ஃபீஸை மறந்தாலும் நன்றியை மறக்கவில்லை. நன்றியை வங்கியில் போட முடியாது என்று அவர் மனைவி மட்டும் அவ்வப்போது நினைவூட்டினாள். அவள் பல் டாக்டர். வலிக்கிற இடத்தில் தட்டிப் பார்ப்பது அவளுக்குத் தொழில்.

நாற்பத்தைந்தைத் தாண்டியதும் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. வக்கீல் தொழிலோ நின்றுகொண்டே பிழைப்பது. அந்தச் சமயம் பார்த்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கே உட்கார்ந்தபடியே போராட்டத்தைப் பற்றிப் பேசலாம்.

போனார். முழங்கால் தேறியது, பேச்சு கெட்டது. முன்பெல்லாம் நீதிபதி முன்னால் நின்று, “தண்ணி நாறுது, மை லார்ட்” என்பார். இப்போது அதே தண்ணீர் ‘நீர்ச்சூழல் தரச் சிதைவு’ ஆகிவிட்டது. விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே பட்டங்கள் சேரச் சேர, பெயர் மேல்விளிம்பை நோக்கி நகர்ந்து இனி போக இடமில்லாமல் நின்றது. காலநிலைச் சட்டத்தின் பேரில் ஊர் ஊராக, நாடு நாடாகக் கருத்தரங்குகள்.

“புகையைக் குறைக்கணும்னு சொல்றதுக்கு எத்தனை வாட்டிதாங்க பிளேன் ஏறுவீங்க?” என்று பெட்டியில் சட்டையை அடுக்கியபடி மனைவி கேட்பாள். “போன்ல சொன்னா கேக்க மாட்டாங்களா?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“புரியுது. அதான் கேக்கிறேன்.”

இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கட்டடம் வந்தது.

‘காலநிலை நீதி மையம்.’ நான்கு மாடி, கண்ணாடி முகப்பு, கூரையில் சூரியத் தகடு. பணம் கொடுக்க ஒரு சிமெண்ட் கம்பெனி முன்வந்திருந்தது. கம்பெனி எந்த மலையைத் தின்று கொழுத்தது என்று கேட்பது நாகரிகமில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. மையத்தின் முதல் இயக்குநர் நம் பேராசிரியர். கட்டுவதற்கு இடம், சட்டத் துறைக்குப் பின்னால் இருந்த பள்ளம்.

அந்தப் பள்ளத்துக்குப் பெயர் கிடையாது. எல்லோரும் பள்ளம் என்றே சொல்வார்கள். சுற்றுவட்டாரத்து மழைத் தண்ணீர் எல்லாம் வடிந்து அங்கேதான் வந்து நிற்கும். சுற்றிலும் யாரும் நடாத மரங்கள். மழைக்காலத்தில் தவளைகள் போடும் சத்தத்தில் பாடம் நடத்த முடியாது. பேராசிரியர் ‘தலைமுறைகளுக்கிடையிலான சமநீதி’ என்று ஆரம்பிப்பார். தவளைகள் ஒரே குரலில் மறுக்கும். அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். கட்டட வரைபடத்தில் அந்த மரங்கள் இல்லை. அவற்றுக்குப் பதிலாக ஓவியர் வேறு மரங்களை வரைந்து, கீழே மடிக்கணினியோடு ஒரு பெண்ணையும் உட்கார வைத்திருந்தார்.

பேராசிரியர் கெட்டவர் அல்லர். பள்ளத்தைப் பற்றி அவருக்கும் உறுத்தல் இருந்தது. ஆனால் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒருநாள் காலை கண்ணாடி முன்னால் திறப்பு விழா உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவரை மனைவி பிடித்துவிட்டாள். அவர் வெட்கப்படவில்லை.

“வாழ்நாள் பூரா அடுத்தவன் கட்டினதை நிறுத்தியே ஓடிப்போச்சு,” என்றார். “நிறுத்தினதுக்கு அடையாளமே கிடையாது, தெரியுமா? ஏரியைக் காப்பாத்தினா அங்க ஏரி இருக்கும், அவ்வளவுதான். யாரு காப்பாத்தினான்னு அதுல எழுதியா வெச்சிருக்கு? ஒண்ணே ஒண்ணைக் கட்டிட்டுப் போறேனே.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இருபது வருடங்களாக அவர் காப்பாற்றிய இடங்களைக் காட்டச் சொன்னால், ஒன்றுமே நடக்காத சில இடங்களைத்தான் காட்ட முடியும்.

நிதி வந்தது, ஒப்பந்ததாரர் வந்தார், மண் அள்ளும் இயந்திரம் வந்து துறையின் வாசலில் நின்றது. பாக்கி ஒரே ஒரு கையெழுத்து. இடத்தை ஒப்பந்ததாரரிடம் ஒப்படைப்பதாக இயக்குநர் போட வேண்டிய கையெழுத்து. நல்ல பேனாவாகப் பார்த்து வாங்கிவைத்திருந்தார்.

அந்த வாரம்தான் மாணவர்கள் இரண்டு பேர் அவர் அறைக் கதவைத் தட்டினார்கள்.

முன்னால் நின்றவளை வகுப்பில் எல்லோரும் ‘ஆனா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைச் சொன்னாலும் “ஆனா சார்” என்று கையைத் தூக்குவது அவள் வழக்கம். அவருக்கு அவள்மேல் தனிப் பிரியம். அவள் கேட்கும் கேள்விகளைப் பிறகு கருத்தரங்குகளில் தன் கேள்விகளாகக் கேட்டுக்கொள்வார். பின்னால் நின்றவன் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், பெயர் ஒட்டகம். அவன் கையில் தடிமனான ஒரு கட்டு.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க,” என்றாள் அவள். “பள்ளத்துக்காக நாங்க கேஸ் போட்டிருக்கோம். நோட்டீஸை நேர்ல குடுத்துக் கையெழுத்து வாங்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க.”

“என் மேலயா?”

“பல்கலைக்கழகம், துணைவேந்தர், அப்புறம் நீங்க சார்.”

பேராசிரியர் கட்டை வாங்கினார். முதல் பக்கத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“மூணாவதா?”

ஒட்டகம் தோழியைப் பார்த்தான். “அகர வரிசையில போடலாம்னு சொன்னேன் சார். இவதான் கேக்கலை.”

“ஆனா சார், முடிவெடுத்தது அவங்க, நீங்க கையெழுத்துதான போடப்போறீங்க,” என்றாள் அவள், ஆறுதலாக.

பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். புதுப் பேனாவின் முதல் கையெழுத்து அப்படிப் போனது.

சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து மனுவைப் படித்தார். படிப்பது என்றால், முதலில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தேடினார். இருந்தது. ‘மூன்றாம் எதிர்மனுதாரர் இத்துறையில் நிபுணர் என்று சொல்லப்படுகிறது.’ அந்த ‘சொல்லப்படுகிறது’ தொண்டையில் முள்ளாக நின்றது. பிறகு முதலிலிருந்து படித்தார். படிக்கப் படிக்க முள் இறங்கி, நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. என்ன எழுத்து! தலைமுறைகளுக்கிடையிலான சமநீதி இருந்தது, முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இருந்தது, உலகத்து ஒப்பந்தங்கள் எல்லாம் வரிசையாக வந்து வணக்கம் சொல்லின. அடிக்குறிப்புகளில் பாதி அவருடைய புத்தகம். கோரிக்கைப் பகுதிக்கு வந்தார். ‘கட்டட அனுமதியை இறுதியாக ரத்து செய்ய வேண்டும்’ என்று இருந்தது. பக்கத்தைத் திருப்பினார். வெள்ளைத் தாள்.

இடைக்காலத் தடை கேட்கவே இல்லை.

முன்பக்கம் திருப்பிப் பார்த்தார். தனி மனுவாகப் போட்டிருக்கிறார்களா என்று கட்டை உதறிப் பார்த்தார். இல்லை. வழக்கு முடிய வருடங்கள் ஆகும். பள்ளத்தைத் தூர்க்க இரண்டு நாள் போதும். இறுதித் தீர்ப்பு வரும்போது அதைக் கண்ணாடி முகப்பில் மாட்டிவைக்கலாம்.

“எப்படி எழுதியிருக்காங்க?” என்று கேட்டாள் மனைவி.

“நல்லாத்தான்.”

“அப்புறம் ஏன் மூஞ்சி சொத்தைப் பல்லுக்காரன் மாதிரி இருக்கு?”

சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“தடை வாங்கறது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லாத் தெரியும். அதைச் சொல்லிக் குடுக்கலையா?”

“அது பாடத்திட்டத்துல இல்லம்மா.”

“பாடத்திட்டம் போட்டது யாரு?”

அவர் மனுவைப் பிரித்து மறுபடி அடிக்குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்தார். பாடத்திட்டம் போட்டது அவர்தான். இடைக்காலத் தடை என்பது நீதிமன்றத் தாழ்வாரத்து வித்தை. காலநிலைச் சட்டத்தின் கம்பீரத்துக்கு ஒட்டாது என்று அவரே விட்டிருந்தார். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் போனை எடுத்தார். பிறகு ‘சொல்லப்படுகிறது’ நினைவுக்கு வந்தது. நாற்காலியும் நினைவுக்கு வந்தது. தலை சாய்க்கும் வசதியோடு அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்த இயக்குநர் நாற்காலி. போனை வைத்துவிட்டார். எதிர்க்கட்சிக்கு யோசனை சொல்வது முறையில்லை என்று மனசாட்சிக்கும் ஒரு சட்டக் காரணம் கொடுத்தார்.

மறுநாள் துணைவேந்தர் அறையில் கூட்டம். ஸ்வெட்டர் தேவைப்படும் அளவுக்குக் குளிரூட்டிய அறை. பல்கலைக்கழகத்தின் வக்கீலாக வந்து உட்கார்ந்திருந்தவர் பேராசிரியரின் பழைய எதிரி, நீதிமன்றத்தில் ‘வாய்தா’ என்று அறியப்பட்டவர். எந்த வழக்கிலும் ஜெயிக்க மாட்டார், தோற்கவும் மாட்டார், தள்ளிப்போடுவார். அவருடைய வழக்குகளில் சில அவருடைய மகனுக்குச் சேர வேண்டிய சொத்தாகவே ஆகிவிட்டன.

“பிள்ளைங்க பிரமாதமா எழுதியிருக்காங்க,” என்றார் வாய்தா. “ஆனா தடை கேக்கல. பதிலுக்கு நாலு வாரம் வாய்தா வாங்கிடறேன். அதுக்குள்ள நீங்க வேலையை முடிச்சிடுங்க.” பேராசிரியர் பக்கம் திரும்பினார். “என்னய்யா, உன்கிட்டப் படிச்சவங்கன்னு சொல்றாங்க. உன் கடைச் சரக்கு ஒண்ணுகூட அவங்ககிட்ட இல்லையே.”

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது யாருக்கும் தெரியவில்லை.

வாய்தா வக்காலத்துத் தாளை நீட்டினார். “ஒரு கையெழுத்துப் போடு. உனக்கும் சேர்த்து நானே பேசிடறேன்.”

“எனக்கு நானே ஆஜராகிறேன்.”

“எதுக்குய்யா சிரமம்?”

“எனக்காக இன்னொருத்தர் பேசி எனக்குப் பழக்கமில்ல.”

துணைவேந்தர் மகிழ்ந்துபோனார். “சார் நேர்ல பேசினா கோர்ட்டே அசந்துடும்.” பேராசிரியருக்கும் அதுதான் எண்ணம். மையத்தின் அவசியம் குறித்து ஒரு நல்ல உரை தயாரித்தார். அதில் ‘பூமி’ என்ற சொல் அடிக்கடி வந்தது.

நீதிமன்றம் மாறவே இல்லை. அதே பெஞ்சு, அதே கிறீச்சிடும் மின்விசிறி, வெளுத்துப் பழுப்பேறிய அதே கறுப்புக் கவுன்கள். பழைய சிப்பந்தி ஒருவர் அவரைப் பார்த்து, “வாங்க தடை சார், யாரை நிறுத்த வந்தீங்க?” என்று கேட்டார். அவர் கேட்காதது போல நடந்தார்.

நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் மனுக்கட்டுகள் குவிந்திருந்தன.

வழக்கை அழைத்ததும் ‘ஆனா’ எழுந்தாள். வக்கீல் வைக்காமல் அவளே வாதாடினாள். குரல் நடுங்கினாலும் பேச்சு நடுங்கவில்லை. வரப்போகும் தலைமுறைகள், அவர்களுக்கு நாம் வைத்துவிட்டுப் போக வேண்டிய நிலம், நீர், காற்று. பேராசிரியருக்குத் தன் குரலையே பெண் குரலில் கேட்பது போல இருந்தது. நீதிபதி பொறுமையாகக் கேட்டார், இரண்டு முறை தும்மினார், பிறகு கையைத் தூக்கினார்.

“அதெல்லாம் சரிம்மா. வரப்போற தலைமுறை வரட்டும். இன்னைக்கு நான் என்ன செய்யணும்?”

“அனுமதியை ரத்து செய்யணும், மை லார்ட்.”

“அது கடைசியில. இன்னைக்கு?”

அவள் பக்கங்களைத் திருப்பினாள். ஒட்டகம் குனிந்து இன்னொரு பக்கத்தைக் காட்டினான். அதிலும் அடிக்குறிப்புதான் இருந்தது.

வாய்தா மெல்ல எழுந்தார். அவர் எழுவதே ஒரு கலை. அவசரமில்லாத மனிதர் என்பது எழும்போதே தெரியும். “பதில் மனுத் தாக்கல் செய்ய நாலு வாரம் வேணும், மை லார்ட்.”

நீதிபதி பேனாவை எடுத்தார்.

வகுப்பில் பதில் தடுக்கினால் ‘ஆனா’ பேராசிரியரைப் பார்ப்பாள். அது அவளுக்குப் பழக்கம். இப்போதும் பார்த்தாள். அவர் மூன்றாம் எதிர்மனுதாரர் என்பது அந்தக் கணத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். பதில் எங்கே என்ற கேள்வி மட்டுமே இருந்தது. பதில் அவரிடம்தான் இருந்தது, வருடக்கணக்காக.

முழங்கால் சொடக்கிட அவர் எழுந்தார். தயாரித்த உரை பெஞ்சிலேயே கிடந்தது.

“தண்ணி நிக்கிற இடம், மை லார்ட்,” என்றார். “நாளைக்கு மெஷின் இறங்கினா அடுத்த நாள் பள்ளம் இருக்காது.”

நீதிபதி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீங்க எந்தப் பக்கம்?”

“மூணாவது எதிர்மனுதாரர்.”

“அப்ப நீங்க இவங்களை எதிர்க்கணும்.”

“எதிர்க்கத்தான் வந்தேன், மை லார்ட்.”

நீதிமன்றத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. வாய்தா சிரிக்கவில்லை. அவர் இந்தக் குரலை முன்பு பல தடவை கேட்டிருக்கிறார். கேட்ட ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு மெஷின் நின்றிருக்கிறது.

“இவங்க தடை கேக்கல. கேக்காததை நீங்க குடுக்க வேண்டாம்,” என்றார் பேராசிரியர். “ஆனா இடத்தை ஒப்படைக்க என் கையெழுத்து வேணும். வழக்கு முடியறவரைக்கும் போட மாட்டேன்னு நான் உறுதி தர்றேன். அதைப் பதிவு பண்ணிக்கணும்.”

“பதிவு பண்ணிட்டா பின்வாங்க முடியாது. உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். போடலேன்னா போடாம இருந்துட்டுப் போங்களேன். பதிவு எதுக்கு?”

பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்திருந்த பதிவாளர் வாசல் பக்கத்திலிருந்து கண்ணாலேயே பேராசிரியரை உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எனக்கு என்னைத் தெரியும், மை லார்ட். நாளைக்கு யாராவது ஏசி ரூம்ல உட்கார வெச்சு, நல்ல காபியா குடுத்து, ரெண்டு வார்த்தை புகழ்ந்தா போட்டுடுவேன்.”

இந்த முறை நீதிபதியே சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

“இன்னொண்ணு,” என்றார் பேராசிரியர். சூடு பிடித்துவிட்டது. “என்னைத் தூக்கிட்டு வேற ஒருத்தரை இயக்குநராப் போட்டு அவர்கிட்டக் கையெழுத்து வாங்கலாம். நான் அவங்க வக்கீலா இருந்தா அப்படித்தான் செய்வேன். அதனால பல்கலைக்கழகத்தையும் சேர்த்துக் கட்டிப்போடணும்.”

நீதிபதி வாய்தா பக்கம் திரும்பினார். “உங்களுக்கு நாலு வாரம் வேணுமா?”

“ஆமா, மை லார்ட்.”

“தர்றேன். அடுத்து எப்ப வாய்தா கேட்டாலும் தர்றேன். அதுவரைக்கும் இடத்தை யாரும் தொடக் கூடாது. சம்மதமா? இல்லேன்னா இப்பவே பேசுங்க, கேக்கிறேன்.”

வாய்தாவின் வாழ்க்கையில் இப்படி ஒரு சோதனை வந்ததில்லை. ஒரு பக்கம் கட்சிக்காரரின் கட்டடம், இன்னொரு பக்கம் தட்டில் வைத்து நீட்டப்படும் வாய்தா. பதிவாளர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். ஆனால் வாய்தாவிடம் வாதம் எதுவும் தயாராக இல்லை. தேவைப்படும் என்று அவர் நினைத்ததே இல்லை. வாய் தானாகத் திறந்தது.

“சம்மதம், மை லார்ட்.”

தாழ்வாரத்தில் பதிவாளர் பேராசிரியரைக் கடந்து போனார். நெருங்கி வந்தபோது போனில் பேச ஆரம்பித்தவர், அதைக் காதில் வைக்க மறந்துவிட்டார். வாய்தா மட்டும் நின்றார்.

“என்னய்யா தடை. ஊர்ல இருக்கறவன் மேலெல்லாம் வாங்கினே. உன் மேலயே வாங்கற வரைக்கும் அடங்க மாட்டியா?”

“உனக்கு வாய்தா கிடைச்சுதில்ல? போய்யா.”

வாய்தா தோளில் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டில் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

தூணோரம் மாணவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். ‘ஆனா’வின் கண் கலங்கியிருந்தது. “சார், ரொம்ப நன்றி...”

“நன்றியெல்லாம் இருக்கட்டும்,” என்றார் அவர் கடுமையாக. “இத்தனை பக்கம் எழுதத் தெரிஞ்சுது. இடைக்கால நிவாரணம்னு ஒரு வரி எழுத வரலையா? இதுகூடத் தெரியாம எதுக்குக் கோர்ட் படி ஏறினீங்க?”

“ஆனா சார், நீங்க அதை நடத்தவே இல்லையே.”

ஒட்டகம் அவள் முழங்கையை இடித்தான். பேராசிரியர் நகரப் போனவர் திரும்பினார்.

“நாளைக்கு நடத்தறேன். ரெண்டு பேரும் வரணும்.”

வீட்டில் சொன்னபோது மனைவி முழுவதையும் கேட்டாள். அப்புறம், “நாற்காலி?” என்றாள்.

“போச்சு.”

“நல்லதாப் போச்சு. தலையைச் சாய்ச்சு உட்கார்ற நாற்காலி ஆபத்து. எங்கிட்ட வர்றவங்க அதுல உட்கார்ந்த உடனே வாயைத் திறந்துடறாங்க, அப்புறம் நான் சொல்றதுக்கெல்லாம் ‘ஆ’ன்றாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வலியும் இருந்தது. அந்தக் கட்டடத்தை அவர் நிஜமாகவே விரும்பினார். மனைவிக்கு அது தெரியும். அவள் அதற்கு மேல் தட்டிப் பார்க்கவில்லை.

வாய்தா தன் தொழிலுக்குத் துரோகம் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் வாய்தா கேட்டார். ஒவ்வொரு முறையும் பள்ளம் பிழைத்தது. சிமெண்ட் கம்பெனி காத்திருந்து களைத்து, நிதியை மேலாண்மைத் துறைக்கு மாற்றியது. அந்தத் துறையின் வாகன நிறுத்தத்தின் மேல் ‘காலநிலைத் தலைமைத்துவ மையம்’ எழும்பியது. அதன் இயக்குநருக்கு, கேள்விப்பட்டவரை, நாற்காலி நன்றாக அமைந்துவிட்டது.

மழை வந்தபோது பள்ளம் நிறைந்தது. அன்று பேராசிரியர் இடைக்காலத் தடைகளைப் பற்றி நின்றுகொண்டே பாடம் நடத்திக்கொண்டிருந்தார், முழங்கால் வலித்தது. தவளைகள் ஆரம்பித்தன. ஜன்னலைச் சாத்தப் போனவர் சாத்தவில்லை. வெளியே பார்த்தார். தண்ணீர், அதில் மரங்களின் நிழல், வாசலில் மெஷின் நின்ற இடத்தில் புல். யாருடைய பெயரும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் ‘ஆனா’வும் ஒட்டகமும் ஒரு கட்டோடு வந்தார்கள். “திருத்தின மனு சார். அனுமதி இன்னும் ரத்தாகல, அதனால தடை கேட்டுத் தனி மனுவும் சேர்த்திருக்கோம். உங்களுக்கு ஒரு காப்பி குடுக்கணும்.”

அவர் வாங்கினார். இடைக்கால மனுவைக் கடைசியில் பார்க்கலாம் என்று, தன்னைப் பற்றிய பத்தியை முதலில் தேடினார். இருந்தது. ‘மூன்றாம் எதிர்மனுதாரர் இத்துறையில் நிபுணர் என்று சொல்லப்படுகிறது.’

“இன்னும் இதை எடுக்கலையா?”

“ஆனா சார், அது சாட்சியத்துல நிரூபிக்கணும் சார். நீங்கதான சொன்னீங்க.”

அவர் புதுப் பேனாவை எடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.